அறுபதில் போய் நாற்பதில் திரும்பிய கணக்கு

நாலாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதைச் சொல்ல வெட்கமில்லை, பெருமைதான். பதினெட்டு வயதில் சுரங்கத்தில் இறங்கி, கல் நிரம்பிய வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளினேன். சுரங்கம் மூடியதும் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் வெல்டிங் கற்று, சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில் சொந்தப் பட்டறை போட்டேன். வாசலைப் பார்த்தாலே கேட்டுக்கு எத்தனை அடி பைப் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் என் விடை வந்திருக்கும். தப்பியதே இல்லை. இப்படித்தான் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி ஏழாவதோடு நின்றவள். மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், பத்தாவது பரீட்சை எழுதப் போகிறேன் என்றாள். பாஸ் செய்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டேன்.

"வேலைக்கு இல்லீங்க. எழுதிப் பாக்கணும்."

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு டீச்சரம்மா மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரியும் இவளும் சேர்ந்து போனார்கள்.

வேலையெல்லாம் முடித்து நோட்டை விரித்து உட்காருவாள். முதல் வரியில் கணக்கில் கொடுத்தது, அடுத்த வரியில் கேட்டது. பிறகு ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து, 'எனவே' என்று எழுதி, விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போடுவாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியும் வந்திருந்தாள். என் மனைவி நோட்டை நீட்டினாள். "இன்னாங்க, இது சரியா கீதான்னு பாருங்களேன்." கணக்கையும் படித்துக் காட்டினாள். ஒரு ரயில் நூற்றிருபது கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு அறுபது வேகத்தில் போகிறது. அதே தூரத்தை நாற்பதில் திரும்புகிறது. மொத்தத்தில் சராசரி வேகம் என்ன?

"அம்பது," என்றேன், அவள் முடிப்பதற்குள்.

"எனக்கு நாப்பத்தெட்டு வர்து."

"அறுபதும் நாப்பதும் நூறு. பாதி இன்னா? கைக்கொழந்தை சொல்லும். இதுக்கு ஒரு பக்கம் ரொப்பிக்கீறே."

"டீச்சரு ஸ்டெப்பு போடணும்னாங்க."

"ஸ்டெப்பு ஸ்டெப்பா ஏறி வேற வூட்டு மாடியில போய் நின்னுக்கீறியேடி!"

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமானதாக இருந்தது. காதில் செருகியிருந்த தடித்த சிவப்புப் பென்சிலை எடுத்தேன். பட்டறையில் குறி போடுகிற பென்சில். அவளுடைய ஐந்து வரிகளுக்கும் குறுக்கே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் பெரிதாக 50 என்று எழுதினேன்.

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நோட்டை மூடிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் போனாள்.

"ஏன், நீ போவல?"

"மண்டையில ஏறலீங்க. வுடுங்க."

விட்டேன். பட்டறையில் அதைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

பீரோவைக் காலி செய்தபோது, சேலைகளுக்கு அடியில் நோட்டும் கணக்குப் புத்தகமும் இருந்தன. பட்டறையை ஏற்கனவே விட்டிருந்தேன். பகல் போகவில்லை. புத்தகத்துக் கணக்குகளை மனதிலேயே போட்டு, கடைசிப் பக்கங்களில் இருக்கும் விடைகளோடு ஒத்துப் பார்த்தேன். தொட்டி நிரம்பும் நேரம், ஆட்களும் நாட்களும், எல்லாம் வரிசையாகச் சரி. இந்த ரயிலுக்கு மட்டும் நாற்பத்தெட்டு என்றிருந்தது. அச்சுப் பிழை என்று முடிவு செய்தேன். அதை நிரூபிக்கவே இரண்டையும் தூக்கிக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன்.

"பொஸ்தகத்துல தப்பு கீதும்மா."

"ஸ்டெப்பு போட்டுப் பாக்கலாம் அங்கிள். போறதுக்கு எத்தினி மணி நேரம்?"

"ரெண்டு."

"திரும்பி வர்றதுக்கு?"

"மூணு."

சொன்னதும் சுரங்கத்து வண்டி நினைவுக்கு வந்தது. காலி வண்டியோடு ஓட்டமாகப் போவோம், நிரம்பிய வண்டியோடு அடி அடியாக வருவோம். ஷிப்டில் பெரும்பகுதி அந்த மெதுவான வழியிலேயே கழியும். என் தோளுக்குத் தெரிந்த கணக்கு இது. போக வர இருநூற்று நாற்பது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். நாற்பத்தெட்டு.

டீச்சரம்மா நோட்டைப் புரட்டினார். "ஆன்ட்டி கையெழுத்து! எல்லா ஸ்டெப்பும் கரெக்டா போட்டிருக்காங்க. எங்க கிளாஸ்ல கணக்குக்கு அவங்கதான் ஃபர்ஸ்ட். மண்டையில ஏறலன்னு சொல்லி அனுப்பினாங்க, என்னால நம்பவே முடியல." பிறகு என்னைப் பார்த்தார். "இதை யாரு அங்கிள் இப்படி அடிச்சது?"

"பேரப் பசங்க யாராச்சும் கிறுக்கியிருக்கும்மா," என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. விடைப் பக்கம் அவளிடமும் இருந்தது. அன்றைக்கே புரட்டிப் பார்த்திருப்பாள். தன் விடை சரி என்று தெரிந்துகொண்டே, மண்டையில் ஏறவில்லை என்று எனக்குச் சொன்னாளா?

வழியில் ஒரு ரப்பர் வாங்கினேன். எத்தனையோ துருவைத் தேய்த்து எடுத்தவன், இந்தச் சிவப்பையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் தேய்த்ததும் சிவப்பு பக்கமெல்லாம் பரவியது. அதோடு அவள் எழுதிய எட்டின் கீழ்ச் சுழியும் மங்கத் தொடங்கியது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.