மாமாவின் குளிசைகளோடு மல்வேர்னுக்கு

1997 செப்ரெம்பர் 13, சனிக்கிழமை. ரொறன்ரோ விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது உள்ளூர் நேரம் பிற்பகல் மூன்றரை. சுங்க அதிகாரி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் மாமனாரின் கைப்பையை மட்டும் திறக்கச் சொன்னார். உள்ளே குளிசை அட்டைகள், இறப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன.

"சுகர் ரப்லெற்ஸ், சேர். பிறஷர் ரப்லெற்ஸ்," என்றார் மாமா. கொஞ்சம் நிறுத்தி, அதிகாரி கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: "ஓல் ஃப்றீ. ஃபுறொம் இங்லண்ட்."

அதிகாரி சிரித்துவிட்டுப் பையை மூடினார். நாங்கள் எதற்காக வந்தோம் என்பதை மாமா அந்த நாலு சொல்லில் சொல்லிமுடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மாமாவுக்கு அறுபத்தாறு வயது. மாமி காலமானபின் கிழக்கு லண்டன் ஈஸ்ற்ஹாமில், நகரசபை கொடுத்த சிறிய ஃபிளாற் ஒன்றில் தனியே இருக்கிறார். அவருடைய இளைய மகள் என் மனைவி. நாங்கள் லண்டனின் மற்ற அந்தத்தில் ஹரோவில் இருக்கிறோம். மூத்த மகள் ரஞ்சி அக்கா ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து மல்வேர்னில். தகப்பனைத் தன்னோடு நிரந்தரமாகக் கூப்பிட அவர் எல்லாப் பத்திரங்களையும் நிரப்பி வைத்திருந்தார். மாமாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "இருந்து பாத்திட்டுச் சொல்லுறன்," என்று மாமா இரண்டு கிழமைக்கு ரிக்கற் எடுத்தார். என் மனைவி என்னைத் துணைக்கு அனுப்பினாள். "அக்கா பாசத்தைச் சொல்லுவா. நீங்கள் மிச்சத்தை விசாரிச்சுக்கொண்டு வாங்கோ."

அந்த மிச்சம் எனக்கும் வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு குடும்பங்கள் கனடாவுக்குப் போய்விட்டன. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு இங்கே குடியேறுகிறவருக்கு வைத்தியம் என்ன விலை, சம்பளத்தில் என்ன வெட்டுவார்கள், அங்கே கட்டிய காப்புறுதிப் பணம் என்னவாகும் என்று கேட்டால், ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் கட்டடங்களின் உயரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு. லண்டனிலிருந்து வந்தவர்களுக்கு நயாகராவைக் காட்டாமல் விடுவது இங்கே பெரிய குறையாகப் பார்க்கப்படுகிறது. ரஞ்சி அக்காவின் கணவர் சிவம் அண்ணை காலை எட்டு மணிக்கே தன் வான் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர். நீர்வீழ்ச்சியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. போனவர்கள் எல்லோரும் எழுதியாயிற்று. மாமா சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தார். "உது அமெரிக்காவோ?"

"ஓம் மாமா."

"தம்பி, நீர் அண்டைக்கு வாசிச்சுக் காட்டின விசயம். என்ரை பென்சன். அந்தக் கரையிலை வீடெடுத்தா வருசா வருசம் ஏறும், இந்தக் கரையிலை எடுத்தா ஏறாது. அப்பிடித்தானே?"

அப்படித்தான். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இந்த ஆண்டு கிழமைக்கு அறுபத்திரண்டு பவுண் நாற்பத்தைந்து பென்ஸ். அமெரிக்காவில் குடியேறியவருக்கு லண்டனில் ஏறுவதுபோலவே ஏறும். கனடாவில் குடியேறியவருக்கு, புறப்பட்டபோது என்ன கிடைத்ததோ அதுவே கடைசிவரை. கனடாவின் முதியோர் பணமோ பத்து வருடம் இங்கே வாழ்ந்தபிறகுதான்.

"ஒரே தண்ணிதான் ரண்டு கரையையும் நனைக்குது," என்றார் மாமா. "ஆனா நனையிற ஆளைப் பாத்துக் காசு குடுக்கிறாங்கள்."

சிவம் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். "மாமா, உங்கடை பென்சன் ஆருக்கு வேணும்? நாங்கள் இருக்கிறமெல்லோ."

மாமா சிரிக்கவில்லை. தூவானம் பட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செப்ரெம்பர் 15, திங்கள். சிவம் அண்ணைக்கு பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை. காலை ஐந்தேகாலுக்கு அவரோடு நானும் போனேன். நானூற்றொன்று நெடுஞ்சாலை அந்த நேரத்திலும் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் தன் சம்பளத் துண்டை என் மடியில் போட்டார்.

"நீர் ஆராய்ச்சிக்காரன். பாரும்."

பார்த்தேன். ஓய்வூதியத்துக்கு ஒரு வெட்டு, வேலையற்றோர் காப்புறுதிக்கு ஒரு வெட்டு, இரண்டும் சேர்ந்து ஆறு வீதத்துக்குள். லண்டனில் என் சம்பளத்தில் தேசியக் காப்புறுதி என்று பெரும் பகுதிக்குப் பத்து வீதம் போகிறது. வைத்தியத்துக்கு என்று துண்டில் எதுவுமே இல்லை. கேட்டேன்.

"முந்தி கட்டினவையாம். இப்ப முதலாளிதான் கட்டவேணும். டொக்டரிட்டைப் போனா ஹெல்த் காட்டை நீட்டுறதுதான்."

"மருந்துக்கு?"

"மருந்துக்குக் கொம்பனி பிளான் இருக்கு. எனக்கு, ரஞ்சிக்கு, பிள்ளையளுக்கு."

"மாமா வந்தால்?"

அவர் பாதையைப் பார்த்தபடி சற்று யோசித்தார். "பிளானிலை தாய் தேப்பனைப் போடேலாது. ஆனா மாமா அறுபத்தைஞ்சு தாண்டீற்றார். மூண்டு மாசம் பொறுத்தாக் காட் வரும். அதுக்குப் பிறகு மருந்தும் அரசாங்கம்தான். ஒரு குளிசைப் போத்திலுக்கு ரண்டு டொலரோ என்னவோ குடுத்தாச் சரி."

அன்று பின்னேரம் என் கணிப்பில் கனடா மோசமில்லை. மூன்று மாதம் தனியார் காப்புறுதி, அதன்பின் வைத்தியர் இலவசம், மருந்துக்குச் சில்லறை. ஓய்வூதியம் உறைந்துபோவது ஒன்றுதான் இடித்தது. ரஞ்சி அக்கா மாமாவுக்கென்று கீழ்த்தட்டில் ஓர் அறைக்கு நிறம் பூசி, கட்டிலுக்குப் பக்கத்தில் குனியாமல் எட்டக்கூடிய உயரத்தில் விளக்குச் சுவிச்சு வைத்திருந்தார். அதை என் கணக்கின் எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்ரெம்பர் 16, செவ்வாய். மல்வேர்ன் மோல் கடைத்தொகுதிக்கு பஸ்ஸில் போனோம். புதிதாக வந்திருக்கும் இரண்டு டொலர் நாணயக் குத்தி ஒன்றைப் போட்டால் நகரின் மறு அந்தம்வரை போகலாம். லண்டனில் அந்தக் காசுக்கு இரண்டு தரிப்புக்கூடத் தாண்டமுடியாது. மோலின் கோப்பிக் கடைக்கு முன்னால் நம்மவர்களில் வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கோப்பியை ஒன்றரை மணித்தியாலம் குடித்துக்கொண்டு இருந்தார்கள். அதில் ஒருவர் எழுந்து நின்றார்.

"டேய்! தலைமயிர் எங்கையடா?"

"கணவதி! உனக்குப் பல்லெங்கையடா?"

இருவரும் கொழும்பில் ஒரே அரசாங்கக் கந்தோரில் ஒரே மேசையின் இரு பக்கமும் இருந்து வேலை செய்தவர்கள். கணபதிப்பிள்ளைக்கு அறுபத்திரண்டு வயது. மகன் ஸ்பொன்சர் செய்து வந்து நாலு வருடமாகிறது. அவருக்கும் மாமாவைப்போலவே சீனி வருத்தம், நீரிழிவு. அதன்பிறகு மாமா ஒவ்வொரு நாளும் மோலுக்குப் போனார். நானும் தடுக்கவில்லை. தன் வயதில் ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான், அதுவும் கனடாவின் பக்கத்துக்கு ஒரு புள்ளி என்று நினைத்தேன்.

செப்ரெம்பர் 19, வெள்ளி. காலைச் சாப்பாட்டின்போது மாமாவின் சீனிக் குளிசை அட்டை வெறுமையாக இருந்தது. இரண்டு கிழமைக்கும் மேலாகக் கொண்டுவந்தவை.

"பிளேனிலை விட்டிட்டன் போலை," என்றார்.

லண்டன் வைத்தியரின் மருந்துத் துண்டு இங்கே மருந்துக்கடையில் செல்லாது. மார்க்கம் வீதியில் ஒரு தமிழ் வைத்தியரிடம் போனோம். காட் இல்லாத வருகையாளருக்கு நாற்பத்தைந்து டொலர். பவுணில் இருபதளவு. மாமா அந்த விலையைக் கேட்டதும் கதிரையில் நேராக இருந்தார். வாழ்நாளின் பாதியை ஒரு வைத்தியருக்கும் காசு கொடுக்காமலே கழித்தவர்.

வைத்தியர் இளைஞர், கலகலப்பானவர். "அங்கிள், இங்கை நான் ஃப்றீ, மருந்து காசு. லண்டனிலை எப்பிடி?"

"எனக்கு ரண்டும் ஃப்றீ. மருமோன் மருந்துக்குக் கட்டுறவர். எந்த மருந்தெண்டாலும் அஞ்சு பவுண் அறுபத்தைஞ்சு."

"பல்லு?"

"பல்லுக்கு அங்கையும் புடுங்குறாங்கள்."

வைத்தியர் சிரித்தபடி எழுதத் தொடங்கினார். "எப்பிடித் துலைச்சனீங்கள்?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். "துலைக்கேல்லை. ஒரு சிநேகிதனுக்குக் குடுத்திட்டன். அவனுக்கு இங்கை விலையாம். எனக்கெண்டா சும்மா கிடைக்கிறதுதானே."

பேனை நின்றது. "அவருக்கும் இதே மருந்தோ? இதே அளவோ?"

"அவனுக்கும் சீனிதான்."

"அங்கிள், சீனி எண்டா எல்லாருக்கும் ஒரே குளிசை இல்லை. உங்கடை அளவு பெரிசு. அவர் தன்ரையோடை சேத்து இதையும் போட்டு மயங்கி விழுந்தா?" அவர் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். "மருந்துக்கடைக்குப் பிறகு போங்கோ. முதல் அவரிட்டைப் போங்கோ."

கணபதிப்பிள்ளையின் வீடு வாடகைத் தொடர்மாடியில் பதினோராம் தளம். மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் மாமா பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். கதவைத் திறந்தவர் நலமாகத்தான் இருந்தார். சாரத்தோடு, கையில் மரக்கறிக் கத்தியோடு நின்றார்.

"கொண்டா என்ரை குளிசையை!" மாமா வாசலிலேயே கத்தினார். "எத்தினை போட்டனி?"

"என்னடா, குடுத்துப்போட்டுத் திரும்பக் கேக்கிறாய்?" அவர் எங்களைக் குசினிக்குக் கூட்டிப்போனார். மேசையில் ஒரு சின்னப் பீரிசுத் தட்டு. அதில் மாமாவின் வெள்ளைக் குளிசைகள், பாதி பாதியாக. சில நொறுங்கியிருந்தன. "உதை வெட்டிறது பெரும்பாடடா. லண்டன் குளிசை கல்லு மாதிரிக் கிடக்கு."

"ஏன் வெட்டிறாய்? நீ முழுசாப் போடத்தானே தந்தனான்."

"நீ ரண்டு கிழமையிலை போயிடுவாய். பிறகு?"

கேட்டுக் கேட்டுத்தான் மிச்சம் வந்தது. தன் சொந்தக் குளிசையையும் அவர் ஒரு வருடமாகப் பாதியாகத்தான் போடுகிறார். மூன்று மருந்து, கடைக்காரர் எடுத்துத் தரும் கூலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, மாதம் தொண்ணூறு டொலர்வரை. அறுபத்தைந்து வயதாகும்வரை அரசாங்கம் தராது. மகனின் வேலைத்தலத் திட்டத்தில் தகப்பனுக்கு இடமில்லை. மகனுக்கோ இரண்டு வேலை.

"கேட்டால் தரமாட்டாரோ, அங்கிள்?" என்று நான் கேட்டேன்.

"தருவான், தம்பி. நல்ல பெடியன். கேக்கிற நேரம் அவன்ரை முகத்தைப் பாக்கவேணுமே." அவர் பீரிசை மாமாவின் பக்கம் தள்ளினார். "இந்தா, கொண்டுபோ. பெடியனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

மாமா அந்தப் பாதிகளைத் தன் கையால் எடுக்கவில்லை. என்னை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மருந்துக்கடையில், தன் பெயரில் போத்தல் வரும்வரை, வரிசையில் நிற்கும் வயதானவர்கள் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்ரெம்பர் 24, புதன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரஞ்சி அக்கா பத்திரங்களையும் பேனையையும் மேசையில் வைத்தார். பத்து வயதுப் பேத்தி கதிரையின் பின்னால் தொங்கிக்கொண்டு, "அம்மப்பா, ஆர் யூ ஸ்ரேயிங் ஓர் வாட்?" என்றாள்.

"இல்லைக் குஞ்சு. வந்து வந்து போவன்."

ரஞ்சி அக்காவின் முகம் சிவந்தது. "ஏன் அப்பா? என்ன குறை கண்டனீங்கள்? றூம் சரியில்லையோ?"

"றூம் நல்லாயிருக்கு. சுவிச்சைக்கூடப் பாத்து வைச்சிருக்கிறாய்."

"அப்ப காசோ? உந்தப் பென்சன் கதையோ? நான் எப்பவெண்டாலும் உங்களைக் கேக்க விட்டிருக்கிறனோ?"

"நீ விடமாட்டாய், பிள்ளை." மாமா பேனையின் மூடியைப் போட்டார். "நான்தான் கேக்கமாட்டன். குளிசை மலிவெண்டாலும் வேறை ஏதும் தேவையைப் பேசாமல் பாதியா வெட்டிக்கொண்டு இருப்பன். உனக்குத் தெரியவும் வராது."

ரஞ்சி அக்காவுக்கு விளங்கவில்லை. மோலில் தொடங்கிப் பதினோராம் தளம்வரை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் அவர் பத்திரங்களைக் கிழிக்கவில்லை, அழவுமில்லை. அவற்றை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனார். அன்று வழமையைவிடக் கூடிய நேரம் தண்ணீர் ஓடியது.

செப்ரெம்பர் 27, சனி. விமான நிலையம் புறப்படுமுன் மாமா தொலைபேசியை எடுத்துக் கணபதிப்பிள்ளையின் மகனோடு பேசினார். சுற்றிவளைக்கவில்லை. "தம்பி, உம்மடை கொப்பர் மருந்தைப் பாதியா வெட்டிப் போடுறார். நான் சொன்னனான் எண்டு சொல்லும். என்னோடை கோவிக்கட்டும்." வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்த சிநேகிதன் வரவில்லை. மாமா புறப்பாட்டு வாசலில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

லண்டனில் எல்லாம் முன்புபோல். ஒக்ரோபர் முதற் கிழமை மாமாவோடு ஈஸ்ற்ஹாம் மருந்துக்கடைக்குப் போனேன். துண்டின் பின்பக்கத்தில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர் என்ற பெட்டியில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். கவுண்ரரில் இருந்த பெண் அவர் முகத்தைப் பார்க்காமலே பையை நீட்டினாள். எனக்கு முன்பெல்லாம் அது மரியாதைக் குறைவாகப் பட்டதுண்டு.

நாங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மாமா எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

"முழுசாப் போடுறனடா, மடையா. பெடியன் காலமையிலை வாயைத் திறக்கச்சொல்லிப் பாக்கிறான்."

மாமா தொலைபேசியை வைத்துவிட்டுக் குளிசைப் பையை மேசையில் வைத்தார்.

"தம்பி, ரஞ்சி அந்தப் பேப்பருகளை எங்கை வைச்சவள் எண்டு சொன்னீர்?"

"ஃபிறிட்ஜுக்கு மேலை, மாமா."

"ம்," என்றார். "அங்கையே கிடக்கட்டும். எறியவேண்டாம் எண்டு சொல்லும்."