மண்டல் மகளின் ஊர்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் இருக்கும் ஆன்லைன் சென்டரில் பூர்ணிமா வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. பட்டா, சிட்டா எடுக்க வருகிறவர்கள் சர்வே நம்பரை மறந்துவிட்டு வந்தாலும் கவலையில்லை. யாருக்கு எந்த வாய்க்கால் ஓரம் எத்தனை மா நிலம் என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் வீட்டுக்குத்தான் அந்தத் தாலுக்காவில் ஒரு குழி நிலம்கூட இல்லை.

அப்பா நிதாய் மண்டல் கல்யாணமான புதிதில் முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து மனைவியோடு பிழைக்க வந்தவர். அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர், இப்போது அங்கேயே பாய்லர் பார்க்கிறார். பூர்ணிமா பிறந்தது தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில். வீட்டுக்குள் வங்காளி, வாசலைத் தாண்டினால் தமிழ் என்று வளர்ந்தாள். சர்டிபிகேட்டில் ‘மண்டல்’ என்று பார்ப்பவர்கள் மட்டும் நிமிர்ந்து கேட்பார்கள்.

“எந்த ஊரும்மா நீ?”

“இந்த ஊர்தாங்க.”

“அது சரி, சொந்த ஊரு?”

“சோனாசர்ங்க. கங்கைக் கரையில இருக்கு.”

அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும். அப்பா அதற்கு மேல் சொன்னதில்லை.

போன புரட்டாசியில், சம்பா நடவு சமயத்தில், குணசேகரன் வேர்க்க விறுவிறுக்க சென்டருக்கு வந்தார். ஆற்றோரம் பத்து மா குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்.

“பூர்ணிமா, கொஞ்சம் வயல் வரைக்கும் வாம்மா. நடவுக்கு வங்காளத்து ஆளுங்க வந்திருக்காங்க. என்னமோ கேக்குறாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

சேற்றில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களின் தலைவன் சுபல் நாற்றுமுடியைத் தூக்கிக் காட்டி மடமடவென்று பேசினான். பாதிதான் அவளுக்குப் பிடிபட்டது. நாற்று முற்றிவிட்டதாம், ஒரு குத்துக்கு இரண்டு நாற்று போதுமா, நாலாக வைக்கட்டுமா என்று கேட்கிறான். குணசேகரன் நாலு என்றார். ‘குத்து’ என்பதை வங்காளியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நாலு நாற்றைப் பிடுங்கி வரப்போரச் சேற்றில் ஊன்றிக் காட்டினாள். ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

“தமிழ்ப் பெண் நீ, எங்கே வங்காளி கற்றுக்கொண்டாய்?” என்றான் சுபல்.

“நானும் உங்கள் பக்கம்தான். சோனாசர்.”

சுபலின் சிரிப்பு நின்றது. “சோனாசரா? அந்த ஊர் இப்போது இல்லையே. ஆறு கொண்டுபோய் இருபத்தைந்து வருடம் இருக்கும்.”

அன்று சாயங்காலம் மில் விட்டு வந்த அப்பா கைகால் கழுவும்வரை பொறுத்திருந்தாள்.

“பாபா, சோனாசர் இருக்கா, இல்லையா?”

அவர் முகத்தைத் துடைத்துத் துண்டைக் கொடியில் போட்டார். “இல்லை. கரை இடிந்தது. ஒரு மழைக்காலத்தில் வீடு, வயல், பள்ளிக்கூடம் எல்லாம் போய்விட்டது. அதனால்தான் வந்தோம்.”

“ஏன் சொல்லல?”

“யாராவது கேட்டால் சொல்ல உனக்கு ஒரு ஊர் வேண்டாமா?”

கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு ஊர் எப்படிப் போகும், போன இடத்தில் என்ன இருக்கும் என்றே மனம் சுற்றிச்சுற்றி வந்தது. பொங்கல் லீவில் அப்பாவை விடாமல் இழுத்துக்கொண்டு ரயிலேறினாள்.

அங்கே அப்பாவோடு பிறந்த அத்தையின் வீடு கரையிலிருந்து இரண்டு கல் உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்து வீட்டாரெல்லாம் ‘தமிழ்க்காரி’யைப் பார்க்க வந்தார்கள். அத்தை மகள் ஜும்பா அவளைத் தமிழில் பேசச்சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். மறுநாள் படகில் போனபோது, அப்பா ஆற்றின் நடுவே கையை நீட்டி, “அங்கே” என்றார். பழுப்புத் தண்ணீர், ஒரு மீன்பிடிப் படகு, வேறொன்றுமில்லை.

“அங்கேன்னா எந்த இடம் பாபா? வீடு எது, வயல் எது?”

அவர் கையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் அத்தை பெட்டியிலிருந்து ஒரு நிலப் பத்திரத்தை எடுத்து வந்தாள். என்றைக்காவது ஆறு மண்ணைத் திருப்பித் தந்தால் காட்டுவதற்காக வைத்திருக்கிறாளாம். தினம் நூறு சிட்டா எடுக்கிறவளுக்கு அதன் வங்காளி எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியவில்லை. அப்பா விரல் வைத்து வாசித்தார்: தன் தகப்பன் பெயர், மனை எண், வடக்கே குளம், கிழக்கே பாதை. குளம் எவ்வளவு பெரியது, பாதை எங்கே போகும் என்று அவள் கேட்கக்கேட்க அவரும் சொல்லிக்கொண்டே போனார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை.

தை பிறந்து பத்து நாளில் ஊர் திரும்பினார்கள். அடங்கல் எடுக்கச் சென்டருக்கு வந்த குணசேகரனின் மனைவி ஆனந்தவல்லி முதலில் அதைத்தான் கேட்டாள்.

“ஒங்க ஊரு எப்படிம்மா இருந்துச்சு?”

“தண்ணியா இருந்துச்சுங்க அக்கா. அக்கரையே தெரியல.” பூர்ணிமா நடந்ததைச் சொல்லிவிட்டு, “எங்க அத்தை பொண்ணு ஜும்பா சித்திரையில இங்க வர்றா. என்னோட ஊரப் பாக்கணுமாம். முதல்ல காவிரியக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்” என்றாள்.

ஆனந்தவல்லி பதறிப்போனாள். “சித்திரையிலயா? ஆத்துல வெறும் மணல்தானேம்மா கெடக்கும்!”

“அட ஆமாங்க்கா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்த பூர்ணிமா, ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு வரச்சொல்லி ஜும்பாவுக்குப் போன் போட்டாள்.