கரண்ட் வைக்காத நாட்கள்

என் மனைவிக்குச் சேலத்தில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த மாதத்தில் எனக்கு இருந்த பெரிய ஆசை, பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரமாக இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான். அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுக்கட்டி. சேலம் ஆஸ்பத்திரியில் கோபால்ட் மெஷினுக்கு அடியில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சினார்கள். அதைத்தான் எங்கள் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்பார்கள். எங்கள் ஊர் எருமப்பட்டியிலிருந்து அவள் தனியாக நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து காத்திருப்பாள். நான் வேலையிலிருந்து மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துகொள்வேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் அவள் தலை என் தோளில் விழுந்துவிடும். மெஷினுக்கு அடியில் சில நிமிஷம்தான். வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இரண்டு பேரும் பேசாமல் ரசம் சோறு சாப்பிட்டுப் படுப்போம். சனி, ஞாயிறு மட்டும் கரண்ட் கிடையாது.

எண்பதுகளின் பின்பாதி அது. நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்கு. அங்கே ஒரு சார் பாக்டீரியாவைக் கோபால்ட் பெட்டிக்குள் வைத்துக் கதிர் பாய்ச்சி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பாக்டீரியா வளர்த்து அவர் பார்த்து முடித்த கண்ணாடித் தட்டுகளை ஆவியில் வேகவைத்துக் கழுவி அடுக்குவேன். அவை எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரிடமும் எதையும் கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

பாதிக் கரண்ட் முடிந்த சமயத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போயிற்று. தொடையிடுக்கில் தோல் கறுத்து உரிந்தது. மோர்கூட உள்ளே தங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரமத்தி வேலூரிலிருந்து அவள் அண்ணன் வந்தார். போர் போடும் ரிக் வண்டிக்கு டிரைவர். புதன்கிழமை வண்டி வடக்கே கிளம்புகிறது, போனால் திரும்ப மாதக்கணக்கு ஆகும். தங்கச்சியின் கோலத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மாப்ள, பாதி போர் இறக்கிட்டு, சனி ஞாயிறு லீவுன்னு ராடைப் புடுங்கிட்டா என்னாகும்? மண்ணு சரிஞ்சு குழி மூடிக்கும். ஒரே மூச்சா இறக்கோணும். திங்கக்கெழம வரைக்கும் இங்கயே இருந்து நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். மிச்சத்தையெல்லாம் ரெண்டு நாள்ல வெச்சு முடிக்கச் சொல்றேன். மாட்டேன்னாங்கன்னா போதுமுன்னு புள்ளைய எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றேன்.”

அவர் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது. அவளும் தலையாட்டினாள். அவளுக்கு எப்படியாவது முடிந்தால் போதும்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் கழுவ எடுத்த தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சில தட்டுகளில் ஐந்தாறு புள்ளிகள், சிலவற்றில் அம்மை போட்டது மாதிரி நெருக்கமாக. என்ன ஆயிற்று என்று சார் கேட்டார். வேலைக்குச் சேர்ந்தபின் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டேன், சில தட்டில் மட்டும் ஏன் இத்தனை புள்ளி என்று. வீட்டு விஷயத்தையும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

சார் நாற்காலியை இழுத்து உட்காரச் சொன்னார். கதிர் பட்டால் பாக்டீரியாவுக்குள் இருக்கிற டிஎன்ஏ என்ற நூல் அங்கங்கே அறுந்துபோகிறது. அறுந்ததை இணைக்கிற சாமான்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் இணைக்க நேரம் வேண்டும் என்றார். மொத்தக் கதிரையும் ஒரேயடியாக வைத்தால் புள்ளி குறைவு. அதே அளவை இரண்டாகப் பிரித்து நடுவில் ஓய்வு விட்டால் நெருக்கமான புள்ளி. ஒவ்வொரு புள்ளியும், பிழைத்த ஒரு பாக்டீரியா பெருகி உண்டான கூட்டம். இன்னொரு அடுக்கையும் காட்டினார். அதிலிருந்தவை பிறவியிலேயே நூலை இணைக்கும் திறமை இல்லாதவை. ஓய்வு விட்டும் அவை தேறவில்லை.

பாக்டீரியா வேறு, மனுஷ உடம்பு வேறு, இதை வைத்து முடிவு கட்டாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் நாள் நாளாகப் பிரித்து நடுவில் ஓய்வு விடுவது நல்ல சதை தேறுவதற்காகத்தான், அது பொதுவாகத் தெரிந்த விஷயம் என்றார்.

வீட்டில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மச்சான் சிரித்தார்.

“தட்டுக் கழுவப் போயி நம்ம மாப்ள டாக்டராயிட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டாள்.

“ஏனுங்க, நல்ல சதை தேறிக்கும்னா, அந்தக் கட்டியுந்தானுங்க தேறிக்கும்?”

இதைச் சாரிடம் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. “தெரியல சாமி. திங்கக்கெழம கேட்டுடலாம்” என்றேன்.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். மச்சான் டாக்டரிடம் போர் கணக்கையே சொன்னார். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். மிச்சத்தை இரண்டு நாளில் வைத்தால் குடல் வெந்துவிடும் என்றார். பிறகு அவளுடைய கேள்வியை நான் கேட்டேன். குரல் எழும்பாததால் அவர் இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கட்டியும் கொஞ்சம் தேறத்தான் செய்யும், ஆனால் நல்ல சதை அளவுக்குத் தேறாது, அந்த வித்தியாசத்தை நம்பித்தான் நாள் நாளாக வைக்கிறோம் என்றார். இப்போது பாதியில் நிறுத்தினால், கட்டிக்குத்தான் நாம் நேரம் கொடுத்ததாக ஆகும் என்றார்.

வெளியே பெஞ்சில் மச்சான் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவள்தான் எழுந்தாள்.

“நீ வண்டிக்குப் போ அண்ணா. நான் வெச்சுக்கறேன். நாள் தள்ளத் தள்ள அதுக்குத்தான் லாபம்.”

செருப்பைக் கழற்றி என் காலருகே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

முழுக் கரண்டும் வைத்து முடித்தோம். கட்டி திரும்ப வரவில்லை. ஆனால் அவள் குடல் பழையபடி ஆகவும் இல்லை. இன்றைக்கும் திடீரென்று வயிற்றைக் கலக்கும், ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பஸ்ஸில் உட்கார முடியாது. வெளியூர்க் கல்யாணங்களுக்கு நான் மட்டும் போகிறேன். எங்கே அவள் என்று கேட்பவர்களிடம் நன்றாக இருக்கிறாள் என்கிறேன். அது பொய்யில்லை. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டு, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குத் திரும்பிவிடுகிறேன்.