எழும்பக் கூடாது

அமெரிக்காவின் சன்னிவேலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், கூடைப்பந்தாட்டத்துக்கெனச் சித்தப்பா வகுத்த விதி ஒன்றே: நமது அணி முன்னணியில் நிற்கும்போது எவரும் அமர்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது.

அவ்வணியின் வரலாற்றை அவர் குலவரலாறு போல ஒப்பிப்பார். ஏரிகள் மிகுந்த குளிர்நாடொன்றில் வளர்ந்து, ஏரிகள் அரிதான தெற்குக் கலிபோர்னியாவுக்கு, ஏரியைக் குறிக்கும் தன் பெயரை மாற்றாமலே குடிபெயர்ந்த அணி அது. "ஊரை விட்டவை, பேரை விடேல்லை. எங்கட ஆக்கள் மாதிரி," என்பார். இறுதிப் போட்டிகளில் கிழக்குக் கரையின் பச்சைச் சட்டைக்காரரிடம் அது தோற்ற ஒவ்வொரு முறைக்கும் அவரிடம் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டின் தோல்விக்குக் காரணம், அப்பா தேநீர் போட எழுந்தது.

இவ்வாண்டு இறுதிப் போட்டியிலும் அதே எதிரணி. அன்று வென்றால் கிண்ணம் நமது. அம்மா தொலைபேசிக்கு அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பியை இராணுவம் பிடித்துச் சென்றிருந்தது. கொழும்பிலிருந்து செய்தி வர வேண்டும். எனக்குச் சொல்லப்பட்டதோ, மாமா பயணம் போயிருக்கிறார் என்பது மட்டுமே.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மரத்தது, அடிவயிறு முட்டியது.

"சித்தப்பா, ப்ளீஸ், பாத்ரூம்!"

"அடக்கு பிள்ளை. டைம் அவுட் வரட்டும்."

அப்பா நகத்தைக் கடித்தார். சித்தப்பாவின் முழங்கால் ஓயாமல் ஆடியது. அம்மா மட்டும் அசையவில்லை. அவருடைய பக்தியின் முன் நான் நாணினேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் தொலைபேசி ஒலித்தது. முதல் மணி அடங்குமுன் அம்மா அதைப் பற்றியெடுத்தார். எதிர்வீட்டு அன்ரியின் உற்சாகக் குரல் எங்களுக்கும் கேட்டது: "மேட்ச் பாக்கிறியளோ?"

"லைனை விடுங்கோ அக்கா. வையுங்கோ!"

அம்மா எவரிடமும் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டத்துக்கு இடையூறு என்பதால் சினந்தார் போலும் என எண்ணிக்கொண்டேன். சித்தப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

வென்றோம். சித்தப்பா துள்ளியெழுந்தார், நான் குளியலறைக்குப் பறந்தேன். திரும்பி வந்தபோதும் அம்மா அதே நாற்காலியில்தான் இருந்தார்.

"அம்மா, வீ வன்! இனி எழும்பலாம்."

ஒரு கையால் என் தலையைத் தடவினார். மறு கை தொலைபேசியின் மீதிருந்தது.

"நீ போய் விளையாடு செல்லம். நான் இன்னும் கொஞ்சம் இருக்கிறன்."

அடுத்த ஆண்டின் வெற்றிக்கும் இப்போதே காவலிருக்கிறார் என்று நம்பி, நானும் அவருடைய காலடியில் அசையாமல் அமர்ந்துகொண்டேன்.