தம்பிஐயா கொடுக்காத ரத்தம்

உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்துவந்த தம்பிஐயா, தராசைத் தூக்கிப் பார்க்காமல் எந்தக் கடையிலும் சாமான் வாங்கியதில்லை. ஐயர் திருநீறு கொடுத்தாலும் மணந்து பார்த்துத்தான் பூசுவார் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கிறவர்களிலும் அவருக்குச் சந்தேகம்தான்.

1992இல் மாரடைப்பு வந்து, ஆசுபத்திரியில் கிடந்து தேறி வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்து டொக்டர் ரத்தம் சோதிக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். "நெஞ்சுத் தசை காயப்பட்டால் ரத்தத்திலை வெள்ளணு கூடும். அது இறங்கிட்டுதோ எண்டு எண்ணிப் பாக்கவேணும்."

தம்பிஐயாவுக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்காலம், மருந்துக்கே தடை. காயக்காரருக்கு ரத்தம் கேட்டு ஊர் ஊராய்த் திரிகிறார்கள். இந்த நேரத்தில் எண்ணுவதற்கென்று எடுக்கிற ரத்தம் எங்கே போகுமோ, யார் கண்டது?

"நீ போய்க் குடு," என்று மனைவி பத்மாசினியிடம் துண்டை நீட்டினார். "மெய்யாய்ச் சோதிக்கிறாங்களெண்டால், ஆள் மாறினதைக் கண்டுபிடிக்கட்டும் பாப்பம்."

துண்டில் தம்பிஐயா என்ற பெயர் மட்டுமே இருந்தது. கலியாணம் கட்டிய பெண்ணை யார் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? பஸ் நிலையத்தடி ஆய்வுகூடக்காரர், "மிசிஸ் தம்பிஐயாவோ?" என்று கேட்டாராம். "ஓம்" என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டு வந்தாள்.

முடிவைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. "வெள்ளணு இறங்கிட்டுது, நல்லது. ஆனால் உங்கடை ரத்தம் அரைவாசிதான் இருக்கு. உள்ளுக்கை எங்கையோ ஒழுகுது. உடனை ஆசுபத்திரி வாட்டிலை படுங்கோ, ரத்தம் ஏத்தவேணும்."

தம்பிஐயா உள்ளுக்குள் சிரித்தார். திரும்பவும் படுக்கவைக்கப் பார்க்கிறான், விடுவேனா?

"இவ்வளவு குறைஞ்ச ஆளுக்குத் தலை சுத்தும், மேல்மூச்சு வாங்கும், உதடு வெளுக்கும்," என்றபடி அவரது கண்மடலை இழுத்துப் பார்த்த டொக்டர், உள்ளே நல்ல சிவப்பாய் இருக்கக் கண்டு குழம்பிப்போய்க் கையை எடுத்தார்.

தம்பிஐயா திரும்பினார். கூட வந்திருந்த பத்மாசினி சுவரில் சாய்ந்து நின்றாள். உதட்டில் ரத்தமே இல்லை. இத்தனை நாளும் அந்த முகத்தை அவர் ஒழுங்காய்ப் பார்த்திருக்கவில்லை. மாரடைப்பு வந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"ஐயா, அது என்ரை ரத்தமில்லை. இவளின்ரை," என்றார்.

டொக்டர் அவளைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்.

"தலை சுத்துதெண்டு ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" தம்பிஐயா கட்டிலோரம் குனிந்து கேட்டார்.

பத்மாசினி கண்ணைத் திறக்கவில்லை. "தை மாசமே சொன்னனான். தோட்ட வேலையிலை தப்பக் கள்ளமாய் நடிக்கிறன் எண்டியள்."