சுவருக்குப் போகும் அரிவாள்கள்

பாபநாசத்தைத் தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஒரு கொல்லுப்பட்டறை. வாசலில் ரம்பம்போல் பல் வைத்த பழைய கருக்கரிவாள்கள் குவிந்து கிடக்கின்றன. பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் துரு போகத் தேய்க்கிறார். நல்ல காரியம் என்று பக்கத்தில் போகிறேன். தேய்த்த கையோடு சாணைச் சக்கரத்தில் வைத்து அந்தப் பல்லையெல்லாம் மழுங்கடிக்கிறார் மனுஷன்!

"ஏங்க, இருக்கிற கருக்கையும் எடுக்கிறீங்க?"

"ரிசார்ட்டு ஆர்டர் சார். சுவத்துல மாட்டப் போறாங்க. வர்ற கெஸ்ட்டு கையக் கிழிச்சுக்கக் கூடாதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாலையின் இரண்டு பக்கமும் குறுவை நெல் மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது. அந்தச் சேற்றில் அறுவடை இயந்திரம் இறங்காது; கையால்தான் அறுக்க வேண்டும். இங்கே என்னடாவென்றால் அறுக்கிற இரும்புக்கு அலங்காரம் நடக்கிறது.

வயலிலிருந்து ஒரு பெண் சேற்றுக் காலோடு ஏறி வந்து தன் அரிவாளை நீட்டுகிறார்.

"கருக்கு வச்சுக் குடுங்கண்ணே. அறுக்கவே மாட்டேங்குது."

"சாயங்காலம் வாம்மா. ரிசார்ட்டு சுவத்துல மாட்ட இதையெல்லாம் ஏத்திட்டுப் போக வண்டி வந்துக்கிட்டிருக்கு."

"சாயங்காலமா? அதுக்குள்ள நெல்லு முளைச்சிரும்."

பட்டறைக்காரர் அடுத்த அரிவாளைச் சக்கரத்தில் வைக்கிறார். நான் சண்டைக்கு வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் குனிந்து குவியலைக் கிளறுகிறார். இன்னும் சக்கரத்துக்குப் போகாத ஒன்றை எடுத்து, விரலால் பல்லைத் தடவிப் பார்க்கிறார். தன்னுடையதைப் பட்டறைக்காரர் முன்னால் விட்டெறிகிறார்.

"இது ஏற்கெனவே மழுங்கித்தான் கெடக்கு. இத மாட்டிக்கச் சொல்லுங்க."