கோலப்பொடியில் போட்ட தோப்பு

இரும்புலியூரில் சாவித்ரி குடியிருக்கும் தெருவில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. "ஃபாரஸ்ட்ல இருக்காங்க" என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவளைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமல்ல. எதிர்வீட்டுப் பம்ப்செட் பக்கம் சாரைப்பாம்பு வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். மே மாதம் பிறந்தால் வண்டலூர் ஜூவுக்கு ஓசி டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பார்கள். மாமரம் காய்க்கவில்லையென்றால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. விளக்கிச் சொல்லி ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.

மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவள். அரசாங்க வேலை கிடைக்கவில்லை. சேலையூரில் ஒரு மாடியில் இயங்கும் பசுங்கரை அறக்கட்டளையில் சேர்ந்தாள். காட்டையோ தோப்பையோ ஒட்டி வாழ்கிற ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசி, அவர்களும் அரசாங்கமும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்ள வழி பண்ணுவதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. மரத்தை எண்ணுகிறவர்கள் வேறு ஆட்கள். சாவித்ரி மனுஷர்களைக் கேட்கிறவள். ஊரில் பொதுவான ஓர் இடத்தில் உட்காருவாள். பையிலிருந்து கோலப்பொடிப் பொட்டலங்களை எடுத்து வைப்பாள். "உங்க தோப்பைத் தரையில போட்டுக் காட்டுங்க" என்பாள். அவ்வளவுதான், வாயைத் திறக்க மாட்டாள். பேசாமல் இருப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அப்பால், நல்லாண்டிக்குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் நட்ட சவுக்குத் தோப்பு ஒன்று இருந்தது. குப்பத்துப் பெண்கள் அதில்தான் மிளாறும் சுள்ளியும் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். பேச்சுக்குத்தான் திருட்டு, எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. அப்போதிருந்த வனத்துறை ரேஞ்சர் கண்டும் காணாமல் விட்டிருந்தார். இந்தப் பிழைப்பை முறைப்படுத்தி, பெண்கள் குழு ஒன்று அமைத்து, மிளாறு எடுக்க அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம் என்று சாவித்ரி போனாள். மனுவோடு ஒரு வரைபடம் வைக்க வேண்டும்.

படம் போட்ட நாளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மனசு நிறையும். வயிறும் எரியும். மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். முத்தாலம்மாள்தான் தலைவி. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், ஐம்பத்தெட்டு வயது, ஏலக் கொட்டகையில் அவள் குரல் எழும்பினால் ஆம்பளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, வெள்ளைப் பொடியில் கடலைப் போட்டாள், பச்சைப் பொடியில் தோப்பைப் போட்டாள்.

"இத பாரும்மா. மொத மூணு வரிச கீது பாரு, அத்த நாங்க தொடமாட்டோம். அதான் காத்த நிறுத்துது. அதுல கை வச்சா வூட்டுக் கூரை நிக்காது. இங்க, இந்தப் பள்ளத்தாண்ட, மாசியில ஆமை வந்து முட்ட வுடும். அந்த மாசம் இந்தப் பக்கமே வரமாட்டோம்."

"அப்ப எங்கதான் வெட்டுவீங்க?" என்று சாவித்ரி கேட்டாள்.

முத்தாலம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சிவப்புப் பொடியை எடுத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டாள். "இங்க. ஆடி கழிஞ்சி கீழ்க் கிளைய மட்டும். உன்னாண்ட மறைக்கிறதுக்கு இன்னா கீது?"

தரையில் இருந்ததைச் சார்ட் பேப்பரில் பார்த்து வரைந்தவள் முத்தாலம்மாளின் மகள் புஷ்பலதா. அந்தக் கூட்டத்தில் பிளஸ் டூ முடித்தவள் அவள் ஒருத்திதான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வரைந்து முடித்ததும் சாவித்ரி, "கீழே தேதி போட்டு உன் பேரை எழுதும்மா. அப்புறம் எல்லாரும் வரிசையா கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

"பேரு இன்னாத்துக்கு மேடம்?"

"இது உங்க படம். பேர் இல்லாட்டி நாளைக்கு எவனாவது தன் படம்னு சொல்லிக்குவான்."

அது அவள் கொள்கை. ஜனங்கள் போட்ட படத்தை நிறுவனங்கள் தம் பெயரில் அச்சடித்துக்கொள்வதைப் பார்த்து வெறுத்துப்போனவள் அவள். அதற்காக இயக்குநர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். வரைந்தவர் பெயர் முதலில், சொன்னவர் பெயர் அடுத்து, நிறுவனத்தின் பெயர் கடைசியில், அதுவும் சின்ன எழுத்தில். காட்டுப் பக்கமே போகாதவன்கூட, வெட்டுகிற இடத்தைக் காட்டும் படத்தில் வெட்டுகிறவர்கள் பேரை எழுத வைக்கிற இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அடுத்தவருக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவள் செய்த தப்பு இது, என்ன செய்ய! புஷ்பலதா தன் பெயரை அழகாக எழுதினாள். கீழே மற்றவர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

மனு ஒன்றரை வருஷம் தூங்கியது. இதற்கிடையில் ரேஞ்சர் மாறி, பிரிட்டோ என்று ஒருவர் வந்தார். அந்தப் பொங்கல் லீவில் எவனோ லாரியோடு வந்து, மெஷின் ரம்பம் போட்டு, நாற்பது சவுக்கு மரங்களை அறுத்துக்கொண்டு போய்விட்டான். சாரம் கட்டவோ, பந்தல் போடவோ, எங்கே போனதோ. மேலிடத்திலிருந்து பிரிட்டோவைக் குடைய ஆரம்பித்தார்கள். மனுஷன் ஃபைலைத் தேடினார். தேடினவர் கையில் அகப்பட்டது அந்தப் படம். மரம் வெட்டும் இடங்கள் சிவப்பில். வெட்டுகிறவர்கள் பெயர்கள் கீழே, கையெழுத்தோடு. இதைவிட வேறென்ன வேண்டும்? பன்னிரண்டு பேர் மேலும் கேஸ் போட்டார். முதல் பெயர் புஷ்பலதா.

அது வந்த நேரம் இருக்கிறதே, அதுதான் கொடுமை. புஷ்பலதா கான்ஸ்டபிள் தேர்வு எழுதி, ஓட்டம் ஓடி, நீளம் தாண்டி, எல்லாவற்றிலும் தேறி, நன்னடத்தை விசாரணைக்குக் காத்திருந்தாள். விசாரணைக்கு வந்த ஏட்டு, "உன் பேர்ல ஃபாரஸ்ட் கேஸ் கீதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கேஸ் இருக்கிறவளைப் போலீசில் எடுப்பார்களா?

காலை பத்து மணிக்கு அவள் சாவித்ரிக்குப் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தாலும் தேவலை.

"மேடம், பேரு எழுதச் சொன்னீங்க. எழுதனேன். இப்ப இன்னா பண்றது? கேஸ முடிக்கப் பதினஞ்சு நாள்தான் டைம் குடுத்துக்கீறாங்க."

"நான் பாத்துக்கறேம்மா" என்றாள் சாவித்ரி. எதைப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இயக்குநர் உமேஷிடம் போனாள். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், நாலு வார்த்தைக்கு மூணு இங்கிலீஷ். "மேடம், ப்ளீஸ், இதுல இன்வால்வ் ஆகாதீங்க. அந்த மேப் நம்ம ஆனுவல் ரிப்போர்ட் கவர்லயே இருக்கு. ஃபண்டிங் ரினீவல் டைம் வேற. கேஸ் கோர்ட்ல தானா அடிபட்டுப் போயிடும்."

"எத்தனை வருஷத்துல, உமேஷ்?"

அவன் லேப்டாப்பில் ரினீவல் ஃபைலைத் திறந்தான்.

மறுநாள் அவள் பிரிட்டோவைப் போய்ப் பார்த்தாள். கெட்ட மனுஷன் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "எனக்கும் மனசு கேக்கலை மேடம். மீன்காரம்மா ரம்பம் வெச்சு அறுத்திருப்பாங்கன்னு எனக்கு மட்டும் நம்பிக்கையா? ஆனா என்கிட்ட இருக்கற ஒரே பேப்பர் இதுதான். இது தப்புன்னு போட வெச்சவங்களே எழுதிக் குடுத்தா, மேல அனுப்பி ஃபைலை மூடிடலாம்."

சாவித்ரி அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். வரைபடத்தில் உள்ள குறியீடுகள் தன் தவறான புரிதலால் ஏற்பட்டவை, அவற்றுக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

பிரிட்டோ படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பத்தாது மேடம். ஒவ்வொரு வரிசையும் கரெக்டா இருக்கு, பள்ளம் இருக்கு, ஆமை இடம் இருக்கு. தோப்புப் பக்கமே போகாதவங்க எப்படி இவ்ளோ துல்லியமா போட்டாங்கன்னு மேல கேப்பாங்களே?"

இருபத்திரண்டு வருஷம் எந்த மேடையில் ஏறினாலும், எந்த அறிக்கை எழுதினாலும் அவள் சொன்னது ஒன்றுதான்: இந்த ஜனங்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. அதைச் சொல்லித்தான் சண்டை போட்டாள், பிரமோஷனைக் கோட்டைவிட்டாள். "ஊர் உலகத்துக்கெல்லாம் வக்காலத்து வாங்கறதுக்கு உன்னை யார் அப்பாயிண்ட் பண்ணா?" என்று கணவன் ஸ்ரீவத்சனிடம் ஏச்சும் வாங்கினாள். இப்போது புஷ்பலதாவின் முகம் கண் முன்னால் நின்றது. தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

'மேற்படி பெண்களுக்குத் தோப்பைப் பற்றியோ மரங்களைப் பற்றியோ எதுவும் தெரியாது. அவர்கள் அந்தத் தோப்பைப் பயன்படுத்துவதும் இல்லை. படத்தில் உள்ள விவரங்கள் அனைத்தும் நான் சேகரித்தவை. நான் சொன்ன இடங்களில் அவர்கள் பொடி தூவினார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் கையெழுத்திட்டார்கள்.'

"இது போதும்" என்றார் பிரிட்டோ. அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

பத்தே நாளில் கேஸ் கைவிடப்பட்டது. புஷ்பலதா பயிற்சிக்குக் கிளம்பிப் போனாள். அந்த மட்டும் நல்லபடியாக முடிந்தது. பொய் ஆவணம் தயாரித்ததாக ஒப்புக்கொண்டவளை வைத்துக்கொண்டு நிதி கேட்க முடியாது என்று உமேஷ் சொன்னான், கொஞ்சம் கண் கலங்கத்தான் சொன்னான். சாவித்ரி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த மே மாதமும் இரண்டு பேர் ஜூ டிக்கெட் கேட்டார்கள்.

வேலை போனது அவளுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்றுக்குக் காத்திருந்தாள். முத்தாலம்மாள் போன் செய்வாள், "சாவித்ரி, சாதிச்சிட்டம்மா" என்று சத்தம் போடுவாள் என்று நினைத்தாள். போன் வரவில்லை. இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஆறேழு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை முற்பகல் தாம்பரம் மார்க்கெட்டுக்கே போய்விட்டாள்.

மீன் கடை வரிசையில் முத்தாலம்மாள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்து, தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"புஷ்பா எப்படி இருக்காக்கா?"

"நல்லா கீறா. அடுத்த மாசம் டூட்டில ஜாயின் பண்றா." கையெடுத்துக் கும்பிட்டாள், நிஜமாகவே. "ஒன்னாலதாம்மா. அத்த நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா போனை எடுக்கலை?"

முத்தாலம்மாள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, "இத்த கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். பிறகு ஐஸ் பெட்டி மேலே உட்கார்ந்தாள். "தோப்புக்குக் கம்பி வேலி போட்டுட்டாங்கோ. தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மூணு வரிசயிலதான் வழி வுட்டுக்கீறாங்கோ, ஜீப்பு போறதுக்கு. இருவது மரத்த எடுத்துட்டாங்கோ. அத்த எடுத்தா காத்து உள்ள வந்துடும்னு போய்ச் சொன்னோம். ஆபீசுல இருந்த ஆளு சிரிக்கறான். ஒன் லெட்டர காப்பி எடுத்து மீன் ஏலக் கொட்டகையில ஒட்டிட்டான். குழுவக் கலைச்சதுக்குக் காரணம்னு. பசங்கோ படிச்சுக் காட்டுச்சுங்கோ, எல்லாரும் நின்னு கேட்டோம். இந்தப் பொம்பளைங்களுக்கு மரத்தப் பத்தி ஒண்ணியும் தெரியாதுன்னு நீ எழுதிக் குடுத்துக்கீற."

"அக்கா, கேஸை உடைக்கறதுக்கு வேற வழி இல்லாமதான்..."

"தெரியும்மா. ஒம்மேல கோவம் இல்ல. நீ பொய் சொன்னது எங்களுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். ஆனா எங்க போய் நின்னாலும் இன்னிக்கு அதான் நிஜம். ஒனக்குத்தான் ஒண்ணியும் தெரியாதேன்றான் எம் மூஞ்சிக்கு நேரா. போன வாரம் என் வூட்டுக்காரே அடுப்பாண்ட நின்னுகினு அதையே சொல்லிச் சிரிச்சாரு."

மறுபடியும் எழுதிக் கொடுக்கிறேன், அந்தக் கடிதம்தான் பொய் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லச் சாவித்ரிக்கு வாய் வரை வந்தது. அப்படி எழுதினால் கேஸ் திரும்ப உயிர் பெறும், புஷ்பலதாவின் சீருடை போகும். முத்தாலம்மாளும் அதை யோசித்து முடித்தவள்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எம் பொண்ணு காக்கி போடறதப் பாக்கணும், எனக்கு அதான் வேணும்," என்றாள் முத்தாலம்மாள். "அதுக்கோசரம் நான் ஒண்ணியும் தெரியாதவளாவே இருந்துட்டுப் போறேன். நீ மட்டும் இனிமே குப்பத்துப் பக்கம் வராதம்மா. ஒன்னப் பாத்தா மத்த பொம்பளைங்கோ தலயக் குனிஞ்சிக்குவாளுங்கோ. என்னால அத்தப் பாக்க முடியாது."

யாரோ வந்து வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார்கள். முத்தாலம்மாள் எழுந்து போய் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்தாள். சாவித்ரி வரிசையில் நிற்கிறவர்களுக்கு வழிவிட்டு விலகிப் போனாள்.